இழுக்கிற கயிறும் விடுகிற கையும்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்களில் சாலைக் கம்போளத்தை அறியாதவர் இல்லை. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்தக் கடைத்தெரு, திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில், அதாவது 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவானது. தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்து மாட்டு வண்டிகளில் நெல்லும் அரிசியும் வந்து இறங்கிய இடம். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கங்களிலிருந்து வந்து இங்கே கடை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நம்மில் பலர். அந்நாளில் சாலைத் தெருவில் வண்டி மாடு நிற்காத நேரம் இருந்திருக்காது. மாடு இருந்ததால் கயிறு இருந்தது. கயிற்றைத் திரிக்கவும், முடிச்சுப் போடவும், பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடித்து விட வேண்டிய நேரத்தில் விடவும் தெரிந்த கைகளும் இருந்தன.

வண்டி மாடுகள் போய்விட்டன. கயிறு இன்னும் கடையில் கிடைக்கிறது. கைப்பழக்கம்தான் நம்மிடமிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. மாடு போன வீடுகளில் இப்போது நாய் வந்திருக்கிறது. கரமனையிலும் மணக்காட்டிலும் ஆற்றுக்காலிலும் நம்மவர் வீட்டு வாசல்களைப் பாருங்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்றோ, திருட்டுப் பயத்தாலோ ஒரு குட்டியை வாங்குகிறோம். முதல் மாதம் மடியில் இருக்கிறது. ஆறாவது மாதம் வாசற்படிக் கம்பியில் மூன்றடிச் சங்கிலியில் இருக்கிறது. அப்புறம் அதன் ஆயுள் முழுவதும் அங்கேதான். எங்கள் தெருவில் ஒரு நாயைத் தினமும் பார்க்கிறேன். கழுத்தைச் சுற்றி வளையமாக முடி உதிர்ந்து தோல் கறுத்திருக்கிறது. அது யாரைக் கண்டாலும் குரைக்கிறது. வீட்டுக்காரரைக் கண்டாலும் குரைக்கிறது. “கெட்ட நாய்” என்று பெயர் வாங்கியிருக்கிறது.

அந்த நாய்க்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. கட்டிப்போடுவது வேறு, பழக்குவது வேறு. சில மாதங்களுக்கு முன் சாலையில் ஒரு கயிற்றுக் கடையில் பருத்திக் கயிறு கேட்டேன். நாய்க்கு என்று சொன்னதும், கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: “அண்ணாச்சி, கட்டிப் போடவா, கூட்டிட்டுப் போகவா?” கட்டிப்போட ஒரு கயிறு, கூட்டிச் செல்ல ஒரு கயிறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நகரத்தில் படித்த நமக்கு இந்த வேறுபாடு தெரியாமல் போனது எப்படி?

இன்று ஒரு நாய் அடங்கவில்லை என்றால் நாம் செய்வது, செல்லப்பிராணிக் கடைக்குப் போய் விலை கூடிய பொருளைத் தேடுவது. இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி, உட்புறம் முட்களைப் போலக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டை, பொத்தானை அழுத்தினால் மின்னதிர்ச்சி தரும் பட்டை என்று வகை வகையாக விற்கிறார்கள். வெளிநாட்டுப் பெயரோடு வருவதால் அது விஞ்ஞானம் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அந்த வெளிநாடுகளிலேயே என்ன நடந்திருக்கிறது? மின்னதிர்ச்சிப் பட்டையை வேல்ஸ் 2010-இல் தடை செய்தது. நாய்ப் பயிற்சியில் முட்பட்டை போன்ற வலி தரும் கருவிகளை ஜெர்மனி 2022 தொடக்கத்தில் தடை செய்தது. அவர்கள் கழற்றி வைக்கும் பொருளை நாம் பணம் கொடுத்து வாங்கிவந்து மாட்டுகிறோம்.

இதற்கு மாற்றாக நான் சொல்ல வருவது மிக எளிய செய்தி. நாயையோ குதிரைக் குட்டியையோ பழக்க வேண்டிய சாமான்களில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே, சாலையில் வாங்கும் கயிற்றையும் பழைய துணியையும் கொண்டு, நம் கையாலேயே செய்துகொள்ளலாம். அதைவிட முக்கியம், அப்படிச் செய்கிறபோது அந்தச் சாமான் எதற்கு என்பது நமக்குப் புரிந்துவிடும்.

விடுவதில் இருக்கிறது பாடம்

விலங்கு எப்படிக் கற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கயிற்றை இழுத்தால் நாயோ குதிரையோ எதிர்ப்பக்கம்தான் இழுக்கும். அது முரட்டுத்தனம் இல்லை, இயல்பு. நம்மை யாராவது பின்னாலிருந்து இழுத்தால் நாமும் முன்னால்தான் சாய்வோம். ஆகவே இழுப்பதால் அது எதையும் கற்பதில்லை. கயிற்றில் லேசான அழுத்தம் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அது நம் பக்கம் ஓரடி எடுத்து வைத்த அந்தக் கணத்தில் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். “இப்படிச் செய்தால் சுகம்” என்று அது அப்போதுதான் புரிந்துகொள்கிறது. இந்தத் தளர்ச்சி ஓரிரு நொடிக்குள் வர வேண்டும். தாமதமாக விட்டால் எதற்காக விட்டோம் என்பது அதற்குத் தெரியாது. விடவே இல்லை என்றால் இழுபடுவதுதான் வாழ்க்கை என்று மரத்துப்போய்விடும்.

இதனால்தான் கயிறு எப்படிப்பட்டது என்பது முக்கியமாகிறது. சங்கிலி கனமானது. கை தளர்ந்தாலும் அதன் பாரம் கழுத்தில் தொங்கிக்கொண்டே இருக்கும். விட்ட செய்தி போய்ச் சேராது. நைலான் கயிறு வழுக்கும், வேகமாக உருவினால் உள்ளங்கையைச் சுட்டுவிடும். தென்னை நார்க் கயிறு நம் ஊர்ப் பொருள். நகரத்துக்கு வடக்கே உள்ள அஞ்சுதெங்கின் பெயரிலேயே ஒரு வகைக் கயிறு வணிகத்தில் அறியப்படுகிறது. உப்புத் தண்ணீரையும் தாங்கும் உறுதி அதற்கு உண்டு. ஆனால் அதன் நார் தோலை உராயும். முளைக்கும் பந்தலுக்கும் நல்லது, கழுத்துக்கு ஆகாது. கழுத்துக்கும் முகத்துக்கும் முறுக்கிய அல்லது பின்னிய பருத்திக் கயிறே ஏற்றது. மென்மையாக இருக்கும், முடிச்சு நிற்கும், கையின் சிறு அசைவையும் மறுமுனைக்குக் கொண்டுசேர்க்கும். ஒரே குறை, ஈரத்திலேயே போட்டு வைத்தால் மட்கிவிடும். நம் ஊர் மழைக்கு, ஒவ்வொரு நாளும் உலர்த்தி மாட்டி வைக்க வேண்டும்.

நாய்க்கு என்ன வேண்டும்?

முதலாவது, நீண்ட கயிறு. சுண்டுவிரலுக்கும் மெலிந்த பருத்திக் கயிறு, 30 அடி இருந்தால் போதும். திறந்த மைதானத்தில் இதைப் பிடித்துக்கொண்டு நாயை விட்டால் அது சுதந்திரமாகத் திரியும். கூப்பிட்டால் வரக் கற்றுக்கொடுக்க இதைவிடச் சிறந்த கருவி இல்லை. மறுமுனையைக் கழுத்துப் பட்டையில் மாட்டாமல் மார்பைச் சுற்றிய வாரில் மாட்டுவது நல்லது. நாய் ஓடிய வேகத்தில் கயிறு முடிந்தால் கழுத்து வெட்டி இழுபடக்கூடாது. கழுத்துப் பட்டையோடு இழுக்கும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது, மார்பு வாரில் அப்படிக் கூடுவதில்லை என்று 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது.

இரண்டாவது, சுருக்குக் கயிறு போட்டே தீரவேண்டும் என்பவர்கள் அதில் ஒரு தடை முடிச்சு போட வேண்டும். நாயின் கழுத்தளவுக்கு மேல் சுருக்கு இறுகாதபடி அந்த முடிச்சு நிறுத்திவிடும். தடை இல்லாத உருவாஞ்சுருக்கு தூக்குக் கயிறுதான், பழக்கும் கயிறு இல்லை.

மூன்றாவது, பழைய வேட்டியைக் கிழித்து மூன்று பிரியாகப் பின்னி இரு முனையிலும் முடிந்த ஒரு துணிப்பின்னல். நாய் சொன்னதைச் செய்தால் இதைக் கடித்து இழுத்து நம்மோடு விளையாடலாம். செருப்பும் நாற்காலிக் காலும் தப்பிக்கும். நான்காவது, ஒரு கோணிச்சாக்கு. “உன் இடத்துக்குப் போ” என்றால் அதில் போய்ப் படுக்கக் கற்ற நாயை விருந்தாளி வரும்போது சங்கிலியில் கட்ட வேண்டியதில்லை. ஐந்தாவது, ஒரு முழ மூங்கில் குச்சியின் நுனியில் துணிப் பந்து கட்டியது. அந்தப் பந்தை மூக்கால் தொட்டால் தின்பண்டம் என்று பழக்கிவிட்டால், இழுக்காமல் தள்ளாமல் நாயை எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம். பல மிருகக்காட்சிச் சாலைகளில் பெரிய விலங்குகளையும் இந்த முறையில் மருத்துவப் பரிசோதனைக்குப் பழக்குகிறார்கள்.

தின்பண்டம் வைக்க இடுப்பில் ஒரு பை வேண்டும். நம் பாட்டிமார் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையே போதும். சரியாகச் செய்த கணத்தைக் குறிக்க ஒரு சத்தம் வேண்டும். இதற்கென்றே “கிளிக்கர்” என்று ஒரு சிறு கருவியை விற்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற உளவியலாளரின் மாணவர்களான பிரிலண்ட் தம்பதியர் 1940-களில் தொடங்கிய வழி அது; கேரன் பிரையர் அதைப் பின்னாளில் பரப்பினார். நல்ல முறைதான். ஆனால் வண்டிக்காரர் நாக்கை மேலண்ணத்தில் தட்டி எழுப்பும் “டக்” சத்தமும் அதே வேலையைச் செய்யும். அதை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வர முடியாது என்பது கூடுதல் வசதி.

இவை அனைத்துக்கும் ஆகும் செலவு ஓர் இறுக்கு சங்கிலியின் விலைக்கு மேல் போகாது. ஆனால் ஒன்று, நேரம் வேண்டும். குட்டி வெளியுலகைப் பயமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறத்தாழ 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரைதான். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு விதிகள் சொல்கின்றன. ஆகவே குட்டி வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள் தங்கத்துக்குச் சமம். அப்போது நாளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்காதவர்கள் பிறகு பத்து ஆண்டு குரைப்பைக் கேட்க வேண்டியிருக்கும்.

குதிரைக் குட்டி

சாலைத் தெருவில் இன்று குதிரைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நம் நகரத்திலேயே காவல்துறையின் குதிரைப்படை இருக்கிறது. 2019-இல் திருச்சூர் மாவட்டம் மாளையில் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி குதிரையேறித் தேர்வுக்குச் சென்ற காட்சி நாடு முழுவதும் பரவியது. ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் மாடுகளோடு குதிரைகளையும் காணலாம். குதிரை மேல் நம்மவருக்கு ஆசை குறையவில்லை.

ஆனால் ஆசை போதாது என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரேபியக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் பெரும் விலைக்கு இறக்குமதியானதையும், பராமரிக்கத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை மடிந்துபோனதையும் எழுதியிருக்கிறார். பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்க முடிந்தது. கைப்பக்குவத்தை வாங்க முடியவில்லை.

“இளங்கன்று பயமறியாது” என்பது நம் பழமொழி. குதிரைக் குட்டிக்கு அது பொருந்தாது. காட்டில் ஓடித் தப்பிப் பிழைத்த இனம் அது. அதற்குப் பயம்தான் முதல் குணம். அதனால் அதற்கான கயிறும் பயத்தைக் கூட்டாததாக இருக்க வேண்டும். பென்சில் கனமுள்ள கயிறு 20 அடிக்குச் சற்று மேல் இருந்தால், வளர்ந்த குதிரைக்குத் தலைக்கயிறு ஒன்று முடிந்துவிடலாம். வாயில் இரும்பு இல்லை, வெட்டித் தைக்கும் வேலை இல்லை, வெறும் முடிச்சுகள்தாம். குட்டிக்கு இன்னும் குறைவாகவே போதும். ஆனால் குட்டியைத் தலையைப் பிடித்து முன்னால் இழுக்கக் கூடாது. அதன் கழுத்து இளசு. பின்னுக்கு இழுத்து மல்லாந்து விழுந்தால் ஆபத்து. இதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது. மெல்லிய கயிற்றை வளையமாக அதன் பின்தொடையைச் சுற்றிப் போட்டு, தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, பின் வளையத்தை லேசாக அசைக்க வேண்டும். பின்னாலிருந்து தாய் மூக்கால் தள்ளுவதுபோல் அதற்குத் தோன்றும். தானாக முன்னே நடக்கும். நடந்தவுடன் வளையம் தளர வேண்டும். மறுபடியும் அதே பாடம்தான்.

இன்னொரு சிறு சாமான், உயிர் காப்பது. குதிரையை வளையத்திலோ கம்பத்திலோ நேரடியாகக் கட்டாமல், நடுவே மெல்லிய சணல் கயிற்றால் ஒரு சிறு வளையம் போட்டு அதில் கட்டுவார்கள். குட்டி மிரண்டு பின்வாங்கினால் முதலில் அறுவது அந்தச் சணல். குட்டியின் கழுத்து தப்பிவிடும். மலிவான, அறுந்துபோகக்கூடிய ஒரு பொருளை வேண்டுமென்றே நடுவில் வைக்கும் இந்த அறிவு எந்த விலையுயர்ந்த கருவிக்கும் குறைந்ததில்லை.

அடியாத மாடு படியாதா?

இதையெல்லாம் சொன்னால் நம் பெரியவர்கள் ஒரு பழமொழியைத் தூக்கிப் போடுவார்கள்: “அடியாத மாடு படியாது.” இதே நம் மொழியில்தான் “ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும்” என்றும் சொல்லியிருக்கிறார்கள். இரண்டில் எது அனுபவசாலியின் சொல்? மாட்டோடு தினமும் வேலை செய்து, நாளைக்கும் அதே மாட்டிடம் பால் வேண்டும் என்று நினைத்தவன் சொன்னது இரண்டாவதுதான். கிரேக்க நாட்டில் 2300 ஆண்டுகளுக்கு முன் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய செனபோன் என்ற படைத்தலைவரும், கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்றே அறிவுரை சொல்லியிருக்கிறார். போர்க்களத்தில் குதிரையை நம்பி உயிர் பிழைத்தவர் அவர்.

நம் முன்னோர் செய்ததெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. ஆணி வைத்த தார்க்குச்சியும், வாலை முறுக்கி வண்டியை ஓட்டியதும் அவர்கள் காலத்து வழக்கம்தான். அவற்றை மீட்டுக் கொண்டுவர வேண்டியதில்லை. இழுவை விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் முள்ளுள்ள குச்சியையும் கடிவாளத்தையும் சேணத்தையும் தடை செய்திருக்கின்றன. அதற்கு முன்பே, ருக்மிணிதேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாக வந்த 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் விலங்கைக் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. எப்போதும் கட்டியே கிடக்கும் நாயை உலாவ விடாத உரிமையாளரும் அந்தச் சட்டப்படி குற்றவாளி. முதல் தடவைக்கு அது எழுதிய அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இந்தத் தொகைக்கு யார் பயப்படுவார்கள்? ஆகவே சட்டத்தைக் காட்டி மிரட்டுவதில் பயனில்லை. நம் மனமும் கையும் மாற வேண்டும்.

2021-இல் நம் விழிஞ்ஞத்துக்கு அருகே அடிமலத்துறையில் புரூனோ என்ற நாய் அடித்துக் கொல்லப்பட்டதும், கேரள உயர்நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்து அதற்கு அந்த நாயின் பெயரையே சூட்டியதும் நினைவிருக்கும். அப்போது நாம் எல்லோரும் வருந்தினோம். ஆனால் கொடுமை என்பது ஒரு நாளில் அடித்துக் கொல்வது மட்டும்தானா? பத்து ஆண்டுகள் மூன்றடிச் சங்கிலியில் வைத்திருப்பதற்கு என்ன பெயர்?

கயிற்றை நாய் கடித்துவிடுமே என்று சிலர் கேட்பார்கள். கடிக்கும்தான். இது பழக்கும் நேரத்துக்கான கயிறு. கையில் ஒருவர் பிடித்திருக்க வேண்டியது. தனியாகக் கட்டிவிட்டுப் போவதற்கானது இல்லை. வண்டிகள் நெரியும் சாலைத் தெரு போன்ற இடத்தில் வலுவான நாயைக் கூட்டிச் செல்லும்போது, கடையில் வாங்கிய உறுதியான வாரும் கொக்கியும்தான் பாதுகாப்பு. அங்கே நம் கைமுடிச்சை நம்பிப் பரீட்சை செய்ய வேண்டாம். அதுபோல, கடிக்கும் வழக்கம் ஏறிவிட்ட நாயை அனுபவமுள்ளவர் துணையில்லாமல் பழக்கத் தொடங்கவும் வேண்டாம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை

பெரும் குதிரைச் சந்தைகளைப் பற்றிய நம் கதைகளில் ஒரு வழக்கம் வரும். மாணிக்கவாசகருக்காகக் குதிரை கொண்டுவந்த திருவிளையாடலில், குதிரைகளைக் கயிறு மாற்றிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். நம் ஊர் மாட்டுச் சந்தையிலும் விற்றவர் தம் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்வார். வாங்கியவர் தம் கயிற்றைப் போட்டு ஓட்டிச் செல்வார். பொறுப்பு கை மாறியது என்பதற்கு அதுவே அடையாளம். இன்று நாம் குட்டியை வாங்கும்போது கடைக்காரரே சங்கிலியையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். பொறுப்பு நம் கைக்கு வந்ததாக நமக்குத் தோன்றுவதே இல்லை.

ஆகவே ஒரு யோசனை. நம் சங்கம் விடுமுறைக் காலத்தில் பிள்ளைகளுக்கு வகுப்புகள் நடத்தும்போது, ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கலாம். கயிறு முறுக்கவும் பின்னவும் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் மூன்று பிரிப் பின்னலையும், தடை முடிச்சையும், இழுத்தவுடன் அவிழும் முடிச்சையும் கற்றுக்கொடுக்கட்டும். ஒரு கால்நடை மருத்துவரை அழைத்து அரை மணி நேரம் பேசச் சொல்லலாம். பிரி, முறுக்கு, தும்பு, முளை, தாம்பு என்ற சொற்களும் அந்தப் பிள்ளைகளின் காதில் விழும். மொழி இப்படித்தான் கையோடு சேர்ந்து வளரும். புத்தகத்தில் மட்டும் படித்த சொல் தேர்வு முடிந்ததும் போய்விடும்.

நாய் வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். குட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்பே அதன் கயிற்றை உங்கள் பிள்ளையின் கையால் முடியச் சொல்லுங்கள். முப்பது அடிக் கயிற்றில் ஒரு கைப்பிடி முடிச்சுப் போடவே பொறுமை இல்லாத வீட்டில், பன்னிரண்டு ஆண்டுகள் ஓர் உயிரை வளர்க்கும் பொறுமை இருக்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும். பொறுமை இருக்கிறதென்றால் தாராளமாக வாங்குங்கள். ஏற்கெனவே வாசலில் ஒன்று சங்கிலியில் கிடக்கிறதென்றால், இன்று மாலையே அதை அவிழ்த்துப் பத்து நிமிடம் நடக்க வையுங்கள்.